எபிசோடு 37: ஸ்கவுட் லீடரா போகணுமா? முதல்ல உங்க சனிக்கிழமையைக் கொடுங்க

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக, பேச்சைக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

இன்னைக்கு கோடிங்கும் இல்ல, ஏ.ஐ.யும் இல்ல. ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி, "சனிக்கிழமை சாயங்காலம் நான் ஆம்பூர்ல ஸ்கவுட் பசங்களோட இருப்பேன்"னு போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டேன். அதுக்கு வந்த மெசேஜையெல்லாம் சேர்த்துப் பார்த்தா மூணே கேள்விதான். ஸ்கவுட்லாம் இன்னும் இருக்கா? டீச்சரா இல்லாத ஒருத்தர் லீடர் ஆக முடியுமா? வாரத்துக்கு எவ்வளவு நேரம் போகும்?

மூணுக்கும் பதில் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி நான் சொதப்பின ஒரு சனிக்கிழமையைச் சொல்லிடறேன். அதைச் சொல்லாம "வாங்க, வாலண்டியர் பண்ணுங்க"ன்னு கூப்பிட்டா அது நியாயமா இருக்காது.

அந்த சனிக்கிழமை

நான் வேலை பார்க்கிறது சென்னையில. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடிச்சா ராத்திரி ஆம்பூர் வந்துடலாம். எங்க ட்ரூப் மீட்டிங் சனிக்கிழமை நாலரை மணி.

நான் சேர்ந்து அஞ்சாறு மாசம் ஆகியிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல ரிலீஸ். ராத்திரி ஏதோ உடைஞ்சுடுச்சு, ட்ரெயினை விட்டுட்டேன். சனிக்கிழமை காலையில எழுந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்ல "இன்னைக்கு மீட்டிங் இல்லை"ன்னு டைப் பண்ணேன். அதுக்குள்ள ஆபீஸ்லேருந்து ஒரு கால் வந்துச்சு. அந்த மெசேஜை அனுப்பவே இல்ல.

துணை லீடர் அன்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் இருக்கேன்னு நம்பித்தான் போனார். மைதானத்துல 22 பசங்க, பெரியவங்க ஒருத்தர்கூட இல்ல. பாதிப் பேர் அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டாங்க. மீதிப் பேர் ஆறு வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஆறு பத்துக்கு ஒன்பதாவது படிக்கிற ஒரு பையன், யார் போனையோ வாங்கி எனக்கு அடிச்சான். "அண்ணா, வரலன்னா பரவால்ல. வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அன்னைக்கு ராத்திரி இன்னொரு கால். ஆறாவது படிக்கிற ஒரு பையனோட அம்மா. ஷூ கம்பெனியில வேலை. லைன்ல இருக்கும்போது அவங்களால போன் எடுக்க முடியாது. "தம்பி, நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் நான் அங்க உக்காந்து வேலை பார்க்கிறேன்." கோவமாக்கூட சொல்லல. அதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

அடுத்த வாரம் வந்தது 14 பேர். வராத எட்டுப் பேர்ல மூணு பேர் அப்புறம் திரும்பி வந்தாங்க. அந்த ஆறாவது பையன் வரல. சனிக்கிழமை டியூஷன்ல சேர்த்துட்டாங்கன்னு தெரிஞ்சுது. போய்க் கூப்பிட எனக்கு முகம் இல்ல.

ஸ்கவுட் எது, எது இல்ல

பள்ளியில நாம பார்த்த காட்சி ஞாபகம் இருக்கா? ஆண்டு விழா. சீஃப் கெஸ்ட் கார்லேருந்து இறங்குவார். ரெண்டு பக்கமும் ஸ்கார்ஃப் கட்டின பசங்க சல்யூட் அடிப்பாங்க. நிறைய பேருக்கு ஸ்கவுட்னா அவ்வளவுதான். போதாக்குறைக்கு என்.சி.சி., என்.எஸ்.எஸ்., ஜே.ஆர்.சி. எல்லாத்தையும் போட்டுக் குழப்பிக்குவோம்.

என்.சி.சி. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. 1948-ல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். என்.எஸ்.எஸ். 1969-ல் தொடங்கியது, பெரும்பாலும் கல்லூரி மாணவர்களுக்கானது. ஜே.ஆர்.சி. செஞ்சிலுவைச் சங்கத்தின் இளையோர் பிரிவு. சாரணர் இயக்கம் இந்த மூன்றிலும் சேராத ஒரு தன்னார்வ இயக்கம். இந்தியாவில் அதன் பெரிய அமைப்பு பாரத சாரண சாரணியர், அதாவது பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ். சின்னப் பிள்ளைகளுக்குக் குருளையர், நீலப்பறவையர். சுமார் 10 வயதிலிருந்து 17 வரை சாரணர், சாரணியர். அதற்கு அடுத்த நிலையில் 25 வயது வரை திரிசாரணர், திரிசாரணியர். 25-ஐத் தாண்டிவிட்டால், என்னை மாதிரி, லீடராக மட்டும்தான் உள்ளே வர முடியும்.

இன்னும் இருக்கான்னு கேட்டவங்களுக்கு: 2025 ஜனவரி 28-லேருந்து பிப்ரவரி 3 வரைக்கும் திருச்சி பக்கத்துல மணப்பாறையில வைரவிழா ஜம்போரி நடந்துச்சு. நாடு முழுக்கலேருந்து ஆயிரக்கணக்கான பசங்க வந்து கூடாரம் போட்டுத் தங்கினாங்க. இருக்கு. பெருசாவே இருக்கு.

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக்

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் பேடன் பவல் என்ற ராணுவ அதிகாரி, இருபது சொச்சம் பையன்களை வைத்து ஒரு வார முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிகளில் படித்த பையன்களும் உழைக்கும் குடும்பத்துப் பையன்களும் அதில் கலந்திருந்தார்கள். அவர்களை ஓநாய், காளை என்றெல்லாம் பெயர் வைத்து நான்கு அணிகளாகப் பிரித்தார். இது முக்கியம், பிறகு வருகிறேன்.

இந்தியாவில் முதல் ட்ரூப் 1909-ல் பெங்களூரில் தொடங்கியது. ஆனால் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டும். நம்ம பசங்களுக்கு இடம் இல்ல. அதனால் 1916-ல் அன்னி பெசன்ட், ஜி.எஸ். அருண்டேலுடன் சேர்ந்து சென்னையில் இந்தியப் பையன்களுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். வடக்கே அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் அமைப்பைக் கட்டினார்கள். இப்படிப் பிரிந்து கிடந்த அமைப்புகள் விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாகி பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் ஆனது. பெண்கள் பிரிவான கைட்ஸ் 1951 ஆகஸ்ட் 15-ல் வந்து சேர்ந்தது.

"உனக்கு இங்க இடமில்ல"ன்னு சொன்னதால நாமளே கட்டிக்கிட்ட ஒண்ணு இதுக்குள்ள இருக்கு. எனக்கு அது பிடிச்சிருக்கு.

லீடரோட வேலை என்ன?

சேர்ந்த புதுசுல நான் நினைச்சது: முடிச்சு சொல்லித் தரணும், லைன்ல நிக்க வைக்கணும், விசில் அடிக்கணும். அதனால யூடியூப் பார்த்து ரீஃப் நாட், க்ளோவ் ஹிட்ச், போலைன் எல்லாம் பழகினேன். ஒன்றரை மணி நேரமும் நான்தான் பேசுவேன். பசங்க வேடிக்கை பார்ப்பாங்க. அட்டகாசமா நடத்துறோம்னு ஒரு நினைப்பு வேற.

இது அந்த முறைக்கே நேரெதிர். சாரணர் இயக்கம் நிற்பது அணி முறையில். ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி. அதற்கு அவர்களிலேயே ஓர் அணித் தலைவன். நான்கு அணி சேர்ந்தால் ஒரு ட்ரூப். வருகைப் பதிவு, புதுப் பையனுக்கு முடிச்சு சொல்லித் தருவது, முகாமில் அடுப்பு மூட்டுவது, எல்லாம் அணியின் வேலை. அணித் தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க ஒரு சபை உண்டு, அதன் பெயர் கோர்ட் ஆஃப் ஆனர். லீடர் அதில் உட்காரலாம், ஆலோசனை சொல்லலாம். பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் தடுக்கலாம். மற்றபடி வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் லீடருக்கு அழகு.

ஒரு ட்ரூப்புக்கு ஏன் 32 பேர்ங்கிறதுக்கு பேடன் பவல் ஒரு வேடிக்கையான கணக்கு சொல்லியிருக்கார். தன்னால 16 பையன்களைத்தான் தனித்தனியா கவனிச்சு வளர்க்க முடியும், மத்தவங்க என்னைவிட ரெண்டு மடங்கு திறமைசாலின்னு வச்சுக்கிட்டா 32. அந்த 32 பேரையும் ஒரே ஆள் மேய்க்க முயற்சி பண்ணா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும்.

சாஃப்ட்வேர்ல நாம "பஸ் ஃபேக்டர்"னு ஒண்ணு சொல்வோம். டீம்ல எத்தனை பேர் திடீர்னு காணாமப் போனா ப்ராஜெக்ட் நின்னுபோகும்? அந்த எண்ணிக்கைதான் அது. ஒண்ணுன்னா ஆபத்து. எங்க ட்ரூப்போட பஸ் ஃபேக்டர் ஒண்ணு. அந்த ஒண்ணு நான். அணி முறையை நான் ஒழுங்கா நடத்தியிருந்தா, அன்னைக்கு அந்தப் பசங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருக்கும்.

ஆம்பூர்ல இது எப்படி ஓடுது?

2019-ல வேலூர் மாவட்டம் மூணா பிரிஞ்சதுலேருந்து ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துல இருக்கு. ஆனா பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரே தோல் பெல்ட்தான். காலையில கம்பெனி வண்டி வந்து ஆளுங்களை ஏத்திட்டுப் போகும். ஷூ கம்பெனிகள்ல பெண்கள்தான் அதிகம். சனிக்கிழமையும் வேலை. அதாவது பள்ளி இல்லாத அந்த சாயங்காலத்துல நிறைய வீட்டுல பெரியவங்க யாரும் இருக்க மாட்டாங்க.

எங்க மீட்டிங் நேரத்தை அதை வச்சுத்தான் முடிவு பண்ணோம். ஞாயிறு காலையில வச்சா சிலருக்கு சர்ச், சிலருக்கு வீட்டு வேலை. வார நாள்ல சாயங்காலம் மதரஸாவும் டியூஷனும். சனிக்கிழமை நாலரைதான் எல்லாருக்கும் ஒத்து வந்துச்சு.

எங்க அணி ஒண்ணுல, ஷூ கம்பெனி நடத்துற குடும்பத்துப் பையன் இருக்கான். அதே அணியில, தைக்கிற செக்‌ஷன்ல வேலை செய்றவங்க பையனும் இருக்கான். ஒருத்தன் வீட்டுல உருது பேசுவான், இன்னொருத்தன் தமிழ். அணித் தலைவன் யாருன்னா, ரெண்டாவது பையன்தான். ஏலகிரி மலைக்கு ஹைக் போனப்ப, சாதம் குழைஞ்சுபோனதுக்கு முதல் பையன் இவன்கிட்ட வாங்கின திட்டு இருக்கே! பிரவுன்சி தீவுல பேடன் பவல் பசங்களைக் கலந்து வச்சது எதுக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது.

ஊர் வாசனையும் இருக்கு. ஸ்கார்ஃபைக் கழுத்துல பிடிச்சு வைக்கிற வளையத்துக்கு வாகிள்னு பேர். எங்க பசங்க அதைக் கடையில வாங்குறதே இல்ல. தோல் வெட்டினதுல மிஞ்சுற துண்டை வாங்கிட்டு வந்து, வாரா அறுத்து, அவங்களே பின்னிக்குவாங்க. எனக்கும் ஒண்ணு பின்னித் தந்திருக்காங்க. முடிச்சு பழகறதுக்கு ஷூ லேஸ். அதுக்கு ஆம்பூர்ல பஞ்சமே இல்ல.

"நீங்க யாரு?"ன்னு கேட்டா கோவப்படாதீங்க

இதைக் கொஞ்சம் சீரியஸா பேசணும். 2024 ஆகஸ்டில், எங்களுக்குப் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் ஒரு போலி முகாம் நடந்ததும், அங்கே மாணவிகள் பாலியல் கொடுமைக்கு ஆளானதும் வெளியே வந்தது. சீருடை போட்டு, விசிலோடு வந்தவர் உண்மையில் யார் என்று யாரும் சரிபார்க்கவில்லை.

அதனால ஒரு அம்மா உங்களைப் பார்த்து, "நீங்க யாரு, யார் அனுப்பினாங்க, சர்டிஃபிகேட் இருக்கா?"ன்னு கேட்டா சந்தோஷப்படுங்க. காட்டுங்க. அவங்க கேட்கலன்னாலும் காட்டுங்க.

உலக சாரணர் அமைப்புக்கு "சேஃப் ஃப்ரம் ஹார்ம்" என்று ஒரு குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறது. நடைமுறையில் அது என்ன சொல்கிறது? ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது. எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். பிள்ளைகளோடு தனி சாட் வேண்டாம். பெற்றோர் இருக்கும் குழுவில்தான் செய்தி. சாரணியர் பிரிவுக்குப் பெண் லீடர். ஊருக்கு வெளியே போவதென்றால் பெற்றோரின் எழுத்து அனுமதி. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கிறது என்று தெரிந்தால், அதைப் போலீசுக்குச் சொல்வது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098 எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

நான் வராத அந்த சனிக்கிழமை, இதுல ரெண்டு பெரியவங்க வேணும்ங்கிற விதியே உடைஞ்சுடுச்சு. 22 பசங்க, ஒரு பெரியவர்கூட இல்ல. ஒண்ணும் ஆகலைங்கிறது அதிர்ஷ்டம்.

பயிற்சி, நேரம், காசு

தமிழ்நாட்டில் பெரும்பாலான ட்ரூப்கள் பள்ளிக்குள்தான் இருக்கின்றன. ஆசிரியர்களே சாரண ஆசிரியர்கள். ஆனால் பள்ளிக்கு வெளியே இயங்கும் ஓப்பன் குரூப்களும் உண்டு. அவற்றில் யார் வேண்டுமானாலும் லீடராகலாம், குறைந்தபட்ச வயதைத் தாண்டியிருக்க வேண்டும். பள்ளிகளில் உதவி லீடராகச் சேரவும் வாய்ப்பு உண்டு. உங்கள் மாவட்டச் சாரணர் சங்கச் செயலரைப் போய்ப் பாருங்கள். அதுதான் சரியான வாசல். நேராக ஒரு பள்ளிக்குப் போய் "நான் ட்ரெய்னர்" என்று நிற்காதீர்கள்.

முதலில் அடிப்படைப் பயிற்சி. வழக்கமாக ஒரு வாரம், முகாமில் தங்கிப் படிப்பது. நீங்களே ஓர் அணியில் சேர்ந்து, சமைத்து, கூடாரம் போட்டு, பசங்க மாதிரியே இருக்க வேண்டும். அடுத்தது அட்வான்ஸ்ட். அதற்கும் மேலே ஹிமாலயன் உட் பேட்ஜ். அதை முடித்தவர்கள் கழுத்தில் தோல் கயிற்றில் இரண்டு மரமணி தொங்கும். 1919-ல் இங்கிலாந்தின் கில்வெல் பார்க்கில் தொடங்கிய வழக்கம் அது. நம் நாட்டில் தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தின் பச்மடியில் இருக்கிறது. நான் பேசிக் மட்டும்தான் முடிச்சிருக்கேன். அதுக்கே ஒரு வாரம் லீவு போட்டு, மேனேஜர்கிட்ட விளக்கம் சொல்ல வேண்டியிருந்துச்சு.

வாரத்துக்கு எவ்வளவு நேரம்? மீட்டிங் ஒன்றரை மணி. கொடி, சீருடைப் பரிசோதனை பத்து நிமிஷம். ஒரு விளையாட்டு. அணி அணியா உக்காந்து ஒரு திறமை பழகறது அரை மணி. திரும்ப விளையாட்டு. கடைசியில அடுத்த வாரத்துக்கான திட்டம். வெளியிலேருந்து பார்க்க இவ்வளவுதான். ஆனா அதுக்குத் திட்டம் போட வார நாள்ல ஒரு மணி நேரம், பெற்றோர்கிட்ட பேச அரை மணி. மாசத்துக்கு ஒரு ஹைக், வருஷத்துக்கு ஒரு முகாம். சம்பளம் கிடையாது. சீருடை, கயிறு, டிக்கெட் எல்லாம் நம்ம கைக்காசு.

இன்னொண்ணும் ஒளிவுமறைவில்லாம சொல்லிடறேன். நிறைய பெற்றோர் சர்டிஃபிகேட்டுக்காகத்தான் அனுப்புறாங்க. ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருதுன்னு படிகள் இருக்கு. அதுல தப்பே இல்ல. சர்டிஃபிகேட்டுக்காக வந்த பையன், தன் அணிக்காக இருந்துடுவான். நான் நிறைய பார்த்துட்டேன்.

பசங்க எழுதின ரூல்

அந்த சனிக்கிழமைக்கு அடுத்த வாரம், நான் முதல்ல மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் நாலு அணித் தலைவர்களை உக்கார வச்சு, "இப்படி இன்னொரு தடவை ஆகாம இருக்க என்ன பண்ணலாம்?"னு கேட்டுட்டு சும்மா இருந்தேன். நிஜமா வாயைத் திறக்கல.

அவங்க எழுதினது இதுதான். வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள ரெண்டு லீடரும் "வர்றேன்"னு குரூப்ல போடணும். ஒருத்தர் போடலன்னாலும் மீட்டிங் இல்ல. நாலு நாற்பதுக்குள்ள பெரியவங்க வரலன்னா, அணித் தலைவன் பட்டியல் பார்த்துப் போன் அடிப்பான். யாரும் தனியாப் போகக் கூடாது, ஜோடி ஜோடியா வீட்டுக்கு. சின்னப் பசங்களை வாசல் வரைக்கும் விடறது அணித் தலைவன் பொறுப்பு. ஒவ்வொரு அணியும் லீடர் உதவி இல்லாமலே நடத்துற மாதிரி ஒரு மீட்டிங் திட்டம் கையில வச்சிருக்கணும்.

நான் ஆபீஸ்ல எழுதின எந்த ரன்புக்கும் இவ்வளவு தெளிவா இருந்ததில்ல. சாரணர் குறிக்கோள் "தயாராக இரு"ங்கிறதுக்கு எனக்குக் கிடைச்ச விளக்கம் இதான்.

நாலு மாசம் கழிச்சு எனக்குக் காய்ச்சல். வியாழக்கிழமையே சொல்லிட்டேன். துணை லீடரும், பசங்க அப்பா ஒருத்தரும் போய் ஓரமா நின்னாங்க. மீட்டிங்கை நடத்தினது அன்னைக்கு போன்ல என்னைக் கேள்வி கேட்ட அதே ஒன்பதாவது பையன். ஆறு மணிக்கு குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சு. மூணு மூங்கில் கழியைக் கட்டி நிறுத்தியிருந்தாங்க. கட்டு கொஞ்சம் கோணல். நான் ஒண்ணும் சொல்லல.

அதனால போகணும்னு நினைக்கிறவங்களுக்கு என் யோசனை: உடனே "சரி"ன்னு சொல்லாதீங்க. அனுமதி வாங்கிட்டு நாலு சனிக்கிழமை போய் ஓரமா நின்னு பாருங்க. நாலு தடவையும் உங்களால போக முடிஞ்சுதான்னு பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு இது முடியும்னு தோணினா மாவட்டச் செயலரைப் பாருங்க. முடியாதுன்னு தோணினா அதுவும் நல்ல முடிவுதான். ஒரு நாள் முகாமுக்கு உதவிக்குப் போங்க, முதலுதவி வகுப்பு எடுங்க. ஆரம்பிச்சுட்டுப் பாதியில காணாமப் போறது மட்டும் வேண்டாம். நீங்க வருவீங்கன்னு நம்பி யாரோ ஒருத்தர் லைன்ல உக்காந்து வேலை பார்த்துட்டு இருப்பாங்க.

அந்த ஆறாவது பையன் இப்போ ஏழாவது. போன வாரம் பைபாஸ் பக்கத்துல பார்த்தேன், டியூஷன் பையோட. "அண்ணா, இன்னும் நாலரைக்குத்தானா?"ன்னு கேட்டான். ஆமான்னு சொன்னேன். அம்மாகிட்ட நானே வந்து பேசுறேன்னும் சொல்லியிருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை போகணும்.

கேள்வி இருந்தா அனுப்புங்க, அடுத்த எபிசோடுல எடுத்துக்கறேன்.